வேலைவாய்ப்பு இணையத்தளங்களில் கொம்பனிகள் ஆளெடுப்பது எப்படி? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஒரு விநியோக நிறுவனத்தில் ஆளெடுப்பது என் வேலை. சந்தைக்குப் போனாலும் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் "ஒன்லைனில போட்டனான், ஒண்டும் வரேல்லை அக்கா" என்று யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைக் கீழே எழுதியிருக்கிறேன். விடைகள் விண்ணப்பங்களை வாசிக்கிற மேசையிலிருந்து வருபவை, அதனால் சில இடங்களில் கொஞ்சம் வெளிப்படையாக இருக்கும்.

வேலைவாய்ப்பு இணையத்தளம் என்பது உண்மையில் என்ன? அவர்களா வேலை தருகிறார்கள்?

இல்லை. டொப்ஜொப்ஸ், இக்மன், லிங்க்ட்இன் எல்லாம் அறிவித்தல் பலகை மாதிரித்தான். பலகையில் இடம் பிடிக்க நிறுவனம் காசு கட்டுகிறது. ஒரு விளம்பரத்துக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு விளம்பரம் என்று பொதி இருக்கும். சில தளங்கள் இன்னும் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு, பதிந்து வைத்திருப்பவர்களின் சீவிகளை, அதாவது சுயவிபரக் கோவைகளை, தேடிப் பார்க்கவும் விடும். 1994 இல் அமெரிக்காவில் மொன்ஸ்டர், 1997 இல் இந்தியாவில் நௌக்ரி என்று தொடங்கிய காலத்திலிருந்து இந்த வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது: காசு கட்டுவது ஆள் தேடுகிற நிறுவனம், வேலை தேடுகிறவர் அல்ல. இதை நினைவில் வைத்திருங்கள், மோசடி பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

விளம்பரம் போட்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

எங்கள் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். கணக்கு உதவியாளர் வெற்றிடம் ஒன்று. காலையில் விளம்பரம் போட்டால் பின்னேரமே விண்ணப்பங்கள் குவியத் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வருவதுதான் அதிகம், அதன் பிறகு சொட்டுச் சொட்டாக வரும். நூற்றைத் தாண்டியதும் நான் புதிதாக வருவதைத் திறப்பது குறைந்துவிடும். முடிவுத் திகதி இரண்டு வாரம் தள்ளி இருந்தாலும் அப்படித்தான். நியாயமில்லைத்தான். ஆனால் கடைசி நாளில் போடுகிறவர்களுக்கு என் ஆலோசனை, முதல் நாளே போடுங்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில் இறக்குவேன். பெயர், ஊர், போன் இலக்கம், படிப்பு, செய்த வேலை. இவ்வளவுதான் நிரல்கள். முதல் வடிகட்டல் ஊர். மொரட்டுவையிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் ஒரே பொத்தானில் ஐம்பது கொம்பனிக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், கிளிநொச்சி எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாவது, கேட்ட தகுதி இருக்கிறதா. மூன்றாவது, சீவியை உண்மையாகவே வாசிப்பது. இந்த இடத்துக்கு வருவது இருபது பேர் அளவில். அதில் பத்துப் பேருக்கு அழைப்பேன். மூன்று பேர் எடுக்க மாட்டார்கள், ஒருவருடைய இலக்கம் பாவனையில் இல்லை என்று வரும். மிச்ச ஆறு பேர்தான் நேர்முகத் தேர்வு.

ஆக, நூறு பேரோடு போட்டி என்று பயப்பட வேண்டாம். போன் எடுக்கிற ஆறு பேரோடுதான் போட்டி.

கணினியே நிராகரித்துவிடுகிறது என்கிறார்களே?

கொழும்பில் உள்ள பெரிய நிறுவனங்கள், வங்கிகள், ஐடி கொம்பனிகள் சிலவற்றில் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க மென்பொருள் இருக்கிறது. "இரண்டு வருட அனுபவம் உண்டா? ஆம், இல்லை" என்று படிவத்திலேயே கேட்டு, இல்லை என்றால் அங்கேயே ஒதுக்கிவிடும். சீவியில் குறிப்பிட்ட சொற்கள் இருக்கின்றனவா என்றும் தேடும். அதனால் விளம்பரத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதே சொல்லைப் பாவியுங்கள். அவர்கள் ஒரு கணக்கியல் மென்பொருளின் பெயரைச் சொல்லியிருந்து, உங்களுக்கு அது தெரிந்திருந்தால், "கணினி அறிவு உண்டு" என்று பொதுவாக எழுதிவிட்டு விடாதீர்கள். பெயரையே எழுதுங்கள்.

வன்னியில் அந்த மென்பொருள் நான்தான். என்னைத் தோற்கடிக்கிற சீவிகள் மூன்று வகை. முதலாவது, கடதாசியைப் போனால் படமெடுத்து அனுப்புவது. பாதி இருட்டு, ஓரத்தில் பெருவிரல். இரண்டாவது, வேர்ட் கோப்பாக அனுப்புவது. என் போனில் திறந்தால் அட்டவணை எல்லாம் கலைந்து கிடக்கும். பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மூன்றாவது பாமினி. தமிழ்ப் பகுதியைப் பாமினி எழுத்துருவில் அடித்து வேர்டிலேயே அனுப்பிவிடுவார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் தெரியும், மந்திரம் எழுதியது போல. தமிழில் எழுதுவதானால் யுனிகோட்டில் எழுதுங்கள்.

கொமினிகேஷன் கடையில் கொடுத்தால் எல்லாம் செய்து தருவார்கள். அது போதாதா?

தட்டச்சுக்குப் போதும். மின்னஞ்சலுக்குப் போதாது.

விசுவமடுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. நல்ல சீவி, உயர்தரத்தில் வணிகப் பிரிவு, என்விகியூ என்கிற தேசிய தொழிற் தகைமையில் நான்காம் மட்டம். அழைத்தேன், போன் நிறுத்தப்பட்டிருந்தது. நேர்முகத் தேர்வுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. வேறொருவரை எடுத்துவிட்டோம். மூன்று மாதம் கழித்து, வேறு அலுவலாக அவளே எங்கள் நிறுவனத்துக்கு வந்தாள். பெயரைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது.

"நீங்கள் ஏன் தங்கச்சி பதில் போடேல்லை?"

"எனக்கு ஒண்டும் வரேல்லையே அக்கா."

சீவியை எடுத்துப் பார்த்தோம். மேலே இருந்த மின்னஞ்சல் முகவரி அந்தக் கொமினிகேஷன் கடையுடையது. கடைக்காரத் தம்பி எல்லாருக்கும் தன்னுடைய முகவரியையே போட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வேலை சுலபம் என்று செய்திருக்கிறான். எத்தனை பிள்ளைகளின் கடிதம் அந்தப் பெட்டிக்குள் திறபடாமல் கிடந்ததோ.

அதனால் கடையில் அமர்ந்தாவது உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறவுங்கள். கடவுச்சொல்லை நீங்களே வைத்திருங்கள். போன் இலக்கம் இரண்டு கொடுங்கள், இரண்டாவது அம்மாவுடையதோ அண்ணாவுடையதோ ஆகட்டும். வீட்டில் சிக்னல் இல்லாத பக்கம் என்றால் "வட்ஸ்அப்பில் தகவல் விடவும்" என்று ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் விடுவோம்.

துணுக்காய், ஒட்டுசுட்டான் என்று முகவரி போட்டால் ஒதுக்கிவிடுவார்களா?

இதைத்தான் எல்லாரும் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமி வீட்டு முகவரியைப் போடுகிறார்கள், அல்லது "வட மாகாணம்" என்று மட்டும் எழுதுகிறார்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஆள் தேடுகிற நிறுவனத்துக்கு உங்கள் ஊர்தான் முதல் தகுதி.

ஏன் என்று கேட்டால், வெளியிலிருந்து வருகிறவர் நிற்க மாட்டார். வவுனியாவுக்குத் தெற்கேயிருந்து ஒருவரை எடுத்தால் தங்குமிடம் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை மத்தியானமே அவருக்கு ஊர் நினைவு வந்துவிடும், ஆறாம் மாதம் இடமாற்றம் கேட்பார். பரந்தனில் வீடு உள்ளவர் அப்படி இல்லை. நுண்கடன் நிறுவனங்களும் விநியோக நிறுவனங்களும் வெளிக்கள உத்தியோகத்தர் தேடும்போது இன்னும் விசேஷம். மல்லாவியில் எந்த ஒழுங்கையால் போனால் யார் வீடு என்று தெரிந்தவரை எந்தப் பட்டமும் வெல்லாது. அப்படியான வேலைக்கு "மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் உண்டு, சொந்த மோட்டார் சைக்கிளும் உண்டு" என்பதைச் சீவியின் மேற்பாதியிலேயே எழுதுங்கள். பலர் அதைக் கடைசிப் பக்கத்தில், பொழுதுபோக்கு கிரிக்கெட் என்பதற்குக் கீழே போட்டிருப்பார்கள்.

கொழும்பு வேலைக்குப் போடுகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே இருப்பவருக்கு முல்லைத்தீவு என்றதும் "இவர் எப்போது வந்து சேருவார்?" என்ற கேள்விதான் எழும். முகவரியை மாற்ற வேண்டாம். "கொழும்பில் தங்க ஏற்பாடு உண்டு, இரண்டு வாரத்தில் வேலை ஏற்கலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் கேள்வி தீர்ந்தது.

ஆடைத் தொழிற்சாலை வேலைக்கு எந்தத் தளத்தில் தேடுவது?

மெஷின் ஓப்பரேட்டர் வேலைக்கு எந்தத் தளமும் வேண்டாம். அறிவியல்நகர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஊர் ஊராக பஸ் வருகிறது, அந்த பஸ்ஸில் போகிற அக்காவைக் கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களம் தொழிற்சந்தை வைக்கும்போது நிறுவனங்கள் மேசை போட்டு அமர்ந்து நேரிலேயே பெயர் எடுக்கின்றன. எச்ஆர், தரக்கட்டுப்பாடு, கணக்கு, பொறியியல் போன்ற அலுவலகப் பதவிகளுக்குத்தான் அதே நிறுவனங்கள் ஒன்லைனில் விளம்பரம் போடும்.

இது ஆடைத் தொழிற்சாலைக்கு மட்டும் இல்லை. சாரதி, களஞ்சியத் தொழிலாளி, மேசன், சமையல் ஆள் எல்லாம் வாய்வழியும் வட்ஸ்அப் குழுவும்தான். மேசைக்குப் பின்னால் இருக்கிற வேலை என்றால் தளத்தில் தேடுங்கள். கையும் காலும் வேலை செய்கிற இடம் என்றால் ஆளிடம் கேளுங்கள். அறிவியல்நகர் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் படித்தவர்கள் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியவர்கள். பயிற்சிக்கு அனுப்பிய போதனாசிரியரின் ஒரு போன் கோல் பல விண்ணப்பங்களுக்குச் சமன்.

அரசாங்க வேலையும் இந்தத் தளங்களில் வருமா?

விளம்பரத்தின் படத்தை யாராவது பகிர்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். மூலம் வெள்ளிக்கிழமை வருகிற வர்த்தமானி, அல்லது வட மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல். அங்கேயே பார்த்து உறுதி செய்யுங்கள். நியமனம் வரும் என்று காத்திருக்கிற வருடங்களில் தனியார் இடமொன்றில் வேலை செய்தால் ஒன்றும் குறையாது. இதை உங்கள் அம்மா அப்பாவிடம் சொல்வது என் பொறுப்பு அல்ல.

விளம்பரத்தில் சம்பளத்தைப் போடாமல் விடுகிறார்களே, எவ்வளவு கேட்கலாம்?

"பேசித் தீர்மானிக்கலாம்" என்று போடுவதற்கு ஒரு காரணம், ஏற்கெனவே உள்ளே வேலை செய்கிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். இன்னொரு காரணம், குறைவாகக் கேட்கிறவர் கிடைக்கமாட்டாரா என்ற ஆசை. இரண்டையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கேட்பதற்கு முன் அடித்தளம் தெரிந்திருக்க வேண்டும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே பேசுகிற இடத்தில் நின்று பேரம் பேச வேண்டியதில்லை, எழும்பி வரலாம்.

அடுத்தது ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், நிறுவனம் 12 வீதம் போட வேண்டும். ஈடிஎஃப், அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, 3 வீதம் முழுவதும் நிறுவனத்தின் காசு, உங்களிடம் கழிக்கக் கூடாது. 40,000 ரூபா சம்பளம் என்றால் உங்களிடமிருந்து 3,200 கழியும், நிறுவனம் 4,800 சேர்க்கும், ஈடிஎஃப் 1,200 தனியாகக் கட்டும். "தகுதிகாண் காலம் ஆறு மாதம், அது முடிந்த பிறகுதான் ஈபிஎஃப்" என்று சொல்கிற இடங்கள் நம்மூரில் நிறைய. அது சட்டம் இல்லை. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும், தற்காலிக ஊழியருக்கும்தான். நேர்முகத் தேர்வில் "ஈபிஎஃப் எப்போதிருந்து?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடம் பிறகு எல்லாவற்றுக்கும் சுளிக்கும்.

கடை, அலுவலக வேலை என்றால் வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண நேரம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. நியமனக் கடிதத்தைக் கையில் வாங்காமல் வேலை தொடங்காதீர்கள்.

விண்ணப்பப் படிவத்தில் அடையாள அட்டை இலக்கம், அட்டையின் படம் எல்லாம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

முதல் கட்டத்தில் வேண்டாம். அந்த இலக்கமே பாதி சரித்திரத்தைச் சொல்லிவிடும். 2016 இலிருந்து வருகிற 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 1998 பெப்ரவரி 1 இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 1998532 என்று தொடங்கும். போனிலும் வங்கியிலும் உங்களை அடையாளம் காணக் கேட்பதும் இதே இலக்கம்தான். அட்டையின் இரண்டு பக்கப் படத்தையும் முகம் தெரியாத ஒரு பேஸ்புக் பக்கத்துக்கு அனுப்புவது வீட்டுத் திறப்பைக் கொடுப்பது மாதிரி. உண்மையான நிறுவனத்துக்கு அது நியமனத்தின்போதுதான் தேவை, ஈபிஎஃப் பதியும் நேரம்.

இடப்பெயர்வில் சான்றிதழ்கள் தொலைந்துவிட்டன. படிப்பிலும் இரண்டு வருட இடைவெளி. என்ன செய்வது?

பரீட்சைச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சுட்டெண்ணும் வருடமும் தெரிந்தால் சுலபம். தெரியாவிட்டால் படித்த பள்ளிக்கூடத்தில் கேளுங்கள், பதிவு இருக்க வாய்ப்புண்டு.

இடைவெளிக்கு வெட்கப்பட வேண்டாம், விளக்கக் கடிதமும் வேண்டாம். 2009 இல் பதினைந்து வயதில் இருந்த ஒருவர் சாதாரண தரத்தைப் பிந்தி எழுதியிருந்தால் வன்னியில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கொழும்பில் கேட்டால் "இடம்பெயர்ந்திருந்தோம், 2011 இல் எழுதினேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இன்னொன்று, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் ஒன்று, சாதாரண தரச் சான்றிதழில் இன்னொன்று என்று ஆங்கிலத்தில் மூன்று விதமாக இருக்கும். சீவியில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

சிங்களம் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பியுங்கள். ஆங்கிலத்தில் விளம்பரம் இருப்பதால் வேலை முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் என்று அர்த்தமில்லை. எங்கள் விளம்பரமும் ஆங்கிலத்தில்தான் போகிறது, ஏனென்றால் தலைமை அலுவலகம் கொழும்பில். உள்ளே பேசுவது தமிழ். வேறொருவரைக் கொண்டு சோடித்த ஆங்கிலக் கடிதத்தைவிட நீங்களே எழுதிய நாலு வரி நல்லது, நேரில் பேசும்போது வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

போலி விளம்பரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

காசு கேட்டால் போலி. பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், பயிற்சி வைப்பு, எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. ஆள் தேடுகிறவர்தான் காசு கட்டுவார் என்று முதலிலேயே சொன்னேன்.

காசு கேட்காத போலியும் உண்டு. "முகாமைத்துவப் பயிலுநர், மாதம் ஒரு லட்சம் வரை, அனுபவம் தேவையில்லை" என்று போட்டிருக்கும். போனால் ஒரு மண்டபம், நாற்பது பேர், கோட் போட்ட ஒருவர். நானும் படித்து முடித்த வருடம் வவுனியாவில் இப்படி ஒரு மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் கைதட்டிவிட்டு, பஸ் காசும் போய் வீட்டுக்கு வந்தவள்தான். கடைசியில் சொல்வது, நீங்கள் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், அவர்கள் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். இப்படியான பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. காப்புறுதி முகவர் வேலை அப்படியல்ல, அது சட்டபூர்வமானது. ஆனால் தரகுப் பணம்தான் சம்பளம் என்பதை விளம்பரத்தில் மறைத்திருப்பார்கள். "நிலையான சம்பளம் எவ்வளவு?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள், பயணம் மிச்சம்.

வெளிநாட்டு வேலை விளம்பரங்கள்?

முகவர் நிலையத்துக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். பணியகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம், 1989 க்கு அழைத்தும் கேட்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று ஒருவர் சொன்னால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்ற ஒன்லைன் விளம்பரத்தை நம்பிப் போன இலங்கையர்கள் எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டதும், 2024 இல் தொகுதி தொகுதியாக மீட்கப்பட்டதும் செய்திகளில் வந்ததுதான். போனவர்களில் கணினி தெரிந்த, படித்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

பதில் வராவிட்டால் எவ்வளவு நாள் காத்திருப்பது?

முடிவுத் திகதியிலிருந்து இரண்டு வாரம். ஒருமுறை அழைத்துக் கேட்கலாம். தினமும் அழைக்கக் கூடாது.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட நாளில் போக முடியாவிட்டால்?

சொல்லுங்கள், அவ்வளவுதான். முழங்காவிலிலிருந்து வர வேண்டிய தம்பி ஒருவன் காலை ஏழரைக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு விட்டான்: "அக்கா, முதல் பஸ் ஓடேல்லை, அடுத்தது வந்து சேர பதினொரு மணியாகும், வரலாமோ?" பின்னால் மழைச் சத்தம். பதினொன்றேகாலுக்கு வந்தான், காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. அன்று சொல்லாமலே வராமல் விட்டவர்கள் மூன்று பேர். அவன் இப்போது எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர்.

உங்கள் கொம்பனியில் இப்போது ஏதும் வேலை இருக்கிறதா?

லொறிச் சாரதி ஒருவர் தேவை. கனரக வாகன அனுமதிப்பத்திரம், மாங்குளம் முல்லைத்தீவு வீதி பழக்கம். விளம்பரம் போடவில்லை, போடுகிற எண்ணமும் இல்லை. நேற்றுத் தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.